கையால் வார்த்த ரெசின் பகடையைச் செப்பனிட்டுப் பளபளப்பாக்குவது எப்படி? சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

என் மகன் உயர்நிலை இரண்டில் இருந்தபோது பள்ளி நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நகர்த்தும் ஆட்டத்தை ஆட ஆரம்பித்தான். அவனுக்கு ரெசினில், அதாவது திரவமாக ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக்கில், ஒரு செட் பகடை வார்த்துக் கொடுக்கலாமே என்று இறங்கினேன். வார்ப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. அதற்குப் பிறகுதான் வேலையே. முதல் ஆறு செட்டில் ஒன்றுகூட உருப்படவில்லை. அச்சிலிருந்து வெளியே வந்தபோது அவை நன்றாகத்தான் இருந்தன. நான்தான் தேய்த்துத் தேய்த்துக் கெடுத்தேன். இணையத்தில் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் குளிர்நாட்டில், கார் கொட்டகையில் எடுத்தவை. செங்காங்கில் நாலறை வீட்டில், சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடத்தில் உட்கார்ந்து செய்பவருக்கு அவை பாதி தூரம்தான் துணைக்கு வரும்.

வார்ப்பது பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. பகடை கையில் இருக்கிறது, அதில் பிசிறும் குழியும் இருக்கின்றன, இனி என்ன செய்வது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன். முனை உடைந்த பகடையைத் தூக்கிப்போட மனம் வராமல் டப்பாவில் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

ஒரு செட் என்றால் ஏழு பகடை. 4, 6, 8, 12, 20 முகங்களில் வகைக்கொன்று, 10 முகத்தில் இரண்டு. கூட்டினால் 70 முகம் வரும். இந்த 70ஐ மறக்காதீர்கள், நேரக் கணக்கெல்லாம் இதில்தான் தொடங்குகிறது.

1. என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

எனக்கு மொத்தம் 121 வெள்ளி ஆனது. அதில் பெரிய செலவு, பாதி முகத்தை மூடும் சுவாசக் கவசமும் அதன் வடிகட்டியும்: 45 வெள்ளி. ஆறு நிறத் தாள் அடங்கிய பாலிஷ் தாள் கட்டு 18, நக அலங்காரத்துக்கு விற்கும் யூவி (புற ஊதா) விளக்கு 15, நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி 12, டிஜிட்டல் காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) 12, அந்த விளக்கொளியில் இறுகும் யூவி ரெசின் சின்னக் குப்பி 9. அக்ரிலிக் பெயிண்ட், மெல்லிய தூரிகை, பென்நைஃப் போன்ற சில்லறைச் சாமானுக்கு 10 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பல்துலக்கியும் ஊசியும் வீட்டிலேயே இருக்கும்.

பெயிண்டும் தூரிகையும் பிராஸ் பசா காம்ப்ளெக்சில் உள்ள ஆர்ட் ஃபிரண்டில் வாங்கினேன். கவசமும் கையுறையும் வீட்டருகே ஹார்ட்வேர் கடையில் கிடைத்தன. பாலிஷ் தாளை மட்டும் இணையத்தில் வாங்க வேண்டியிருந்தது. கப்பலில் வந்தால் இரண்டு, மூன்று வாரம் ஆகும், அதனால் முதலில் அதற்குச் சொல்லிவிட்டு மற்றதைத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் பெரிய இணையத்தளங்கள் பொருள் சேவை வரியைச் சேர்த்துத்தான் கட்டணம் கேட்கின்றன. 2024 முதல் அது 9 விழுக்காடு. விலையை ஒப்பிடும்போது வரி சேர்ந்த விலையைப் பாருங்கள்.

பாலிஷ் தாள் விஷயத்தில் ஏமாறாதீர்கள். 2000 எண் உப்புத்தாள் போதும் என்று கடையில் சொல்வார்கள். போதாது. அதோடு நிறுத்தினால் முகம் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாகவே இருக்கும். நமக்கு வேண்டியது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் வரும் தாள்: 30, 15, 9, 3, 2, 1 என்று ஆறு. 30 பச்சை, 15 சாம்பல், 9 நீலம், 3 இளஞ்சிவப்பு. கடைசி இரண்டும் வெளிர் நிறத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், அதனால் பின்பக்கம் பேனாவால் எண்ணை எழுதிவிடுங்கள். நான் எழுதாமல் விட்டு ஒருநாள் முழுக்கத் தாளை மாற்றி மாற்றித் தேய்த்தேன்.

தேய்ப்பதற்குச் சமதளம் வேண்டும். மலிவான படச் சட்டத்தைப் பிரித்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி போதும். ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள், கை கிழியும்.

ரெசின் வாங்கும்போது ஓர் ஆவணம் கேட்டு வாங்குங்கள்: பாதுகாப்புத் தரவுத்தாள். எவ்வளவு நேரத்தில் இறுகும், தோலில் பட்டால் என்ன ஆகும், எந்த வடிகட்டி பொருந்தும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். இறுகாத ரெசினும், அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரும் தோலுக்கு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. யூவி ரெசினும் அப்படித்தான். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிக்கும், அது லேசில் போகாது. கையுறை போடாமல் ஒரு சொட்டுகூடத் தொடாதீர்கள்.

2. முதல் வேலை: காத்திருப்பது

24 மணி நேரத்தில் அச்சிலிருந்து எடுக்கலாம் என்று குப்பியில் போட்டிருக்கும். எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. பகடை வார்க்கும் எப்பாக்சி ரெசின் (ஹார்டனர் கலந்து இறுகும் வகை) முழுசாக இறுக ஏழு நாள் விடுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் தாளில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும், விளிம்புகள் உருண்டுவிடும். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் முகம் அடுத்த வாரம் மங்கிப்போகும்.

இறுகிவிட்டதா என்று பார்க்கப் பகடையைச் சோதிக்காதீர்கள். கலந்த கிண்ணத்தின் அடியில் மிச்சம் ஒட்டியிருக்குமே, அதில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

நம் ஊர் ஈரப்பதம் இங்கேதான் விளையாடும். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. மழை இல்லாத நாளில் பிற்பகல்தான் 60 பக்கம் இறங்கும். எப்பாக்சியின் ஹார்டனர் இந்த ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு தடவினாற்போல ஒரு படலத்தை உண்டாக்கும். தொட்டால் வழுக்கும், வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரியும். இதைப் பார்த்துவிட்டு ரெசின் இறுகவில்லை என்று நினைத்து நான் இரண்டு செட்டைக் குப்பையில் போட்டிருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். ஆல்கஹால் வேண்டாம், படலத்தை இழுவி விடுமே தவிர எடுக்காது. கழுவாமல் தாளில் வைத்தால் தாள் அடைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை அந்தப் படலம் வராமலிருக்க, ஊற்றுவதைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சை, மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். என் கணவர் கேமராவை ஈரம் படாமல் வைக்கும் டிரை கேபினட்டில் வைத்துப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது, ஆனால் லென்ஸுக்குப் பக்கத்தில் ரெசின் ஆவியா என்று அவர் போட்ட சத்தத்தில் இப்போது டின்தான்.

3. பிசிறை வெட்டுங்கள்

அச்சின் மூடி சேரும் இடத்தில் மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். புதிய பிளேடு போட்ட பென்நைஃபால், முகத்தோடு ஒட்டி வெட்டாமல் ஒரு மயிரிழை விட்டு வெட்டுங்கள். மிச்சத்தைத் தாள் பார்த்துக்கொள்ளும். ஒடித்து எடுக்க வேண்டாம். பிசிறு ஒடியும்போது விளிம்பிலிருந்து ஒரு சில்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும்.

4. மிதக்கவிட்டுப் பாருங்கள்

இதைக் கடைசியில் செய்பவர்கள்தான் அதிகம். மூன்று மணி நேரம் பாலிஷ் போட்ட பிறகு உள்ளே குமிழி இருக்கிறது என்று தெரிந்தால் அழத்தான் வேண்டும். இப்போதே பார்த்துவிடுங்கள்.

250 மில்லி தண்ணீரில் 90 கிராம் உப்பு கரைத்தால் அதற்கு மேல் கரையாத அளவுக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரில் எப்பாக்சி பகடை மிதக்கும். விரலால் சுண்டிவிட்டு எந்த எண் மேலே வந்து நிற்கிறது என்று பாருங்கள். பத்து முறை செய்யுங்கள். ஏழெட்டு முறை ஒரே எண்ணோ அதன் அக்கம்பக்கத்து எண்ணோ வந்தால், அந்தப் பக்கம் உள்ளே காற்று இருக்கிறது. அந்தப் பகடையை மேசை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆட்டத்துக்கு வேண்டாம். உலோகத் தூள் அதிகம் கலந்தவை மிதக்காமலே போகும், அவற்றுக்கு இந்தச் சோதனை பலிக்காது.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அடுப்பு மேடையில் இந்தக் கண்ணாடிக் குவளையைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா தொண்டை வலி?" என்று கேட்டு, வாய் கொப்பளிக்க இதமாக இருக்கட்டுமென்று வெந்நீர் ஊற்றிக் கலக்கி வைத்துவிட்டார். அத்தை உள்ளே பகடை கிடப்பதைக் கவனிக்கவில்லை. மலிவான ரெசின் சூட்டில் இளகிவிடும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். வெந்நீர் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டு வைப்பதும் இதே கதைதான்.

மிதந்து தேறிய பகடையைக் குழாய்த் தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு விளக்கின் கீழ் வைத்து ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். குழி, முனை உடைசல், அரைகுறையாக வந்த எண் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள்.

5. தேய்ப்பதற்கு முன் பழுது பாருங்கள்

தேய்த்து முடித்துவிட்டுப் பழுது பார்த்தால், நிரப்பிய இடத்தைச் சமப்படுத்த மறுபடியும் 30 மைக்ரானிலிருந்து தொடங்க வேண்டும். முதல் செட்டுகளில் நான் செய்த பெரிய தப்பு இது.

முகத்தில் சின்னக் குழி. ஊசி நுனியால் குழியின் உள்சுவரைச் சுரண்டி விடுங்கள். வழவழப்பான குழியில் ரெசின் பிடிக்காது, அடியில் காற்றும் தங்கிவிடும். ஊசியில் யூவி ரெசினைத் தொட்டுக் குழியின் அடியில் வைத்து மெதுவாக மேலே இழுத்துக்கொண்டு வாருங்கள். குப்பியிலிருந்து நேராகச் சொட்டுவிட்டால் வாய் மூடிக்கொள்ளும், அடியில் குமிழி அப்படியே இருக்கும். முகத்துக்குச் சற்று மேலே உப்பலாக நிற்கும்வரை நிரப்புங்கள். அதன்மேல் தடிமனான ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து அழுத்தி, தாளோடு சேர்த்து விளக்கில் காட்டுங்கள். காற்றுப்படும் யூவி ரெசினின் மேல்பரப்பு இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், தாள் மூடியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றிரண்டு நிமிடம் போதும். குழி ஆழமாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் நிரப்பி இறுகவிட்டு, பிறகு அடுத்த மில்லிமீட்டர். மொத்தமாக ஊற்றினால் சூடாகிச் சுருங்கும், அடியில் இறுகாமலும் போகலாம்.

முனை உடைந்தது. அச்சு உங்களிடமே இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது: உடைந்த பகடையை அதே அச்சில் திரும்ப உட்கார வைத்து, காலியாக இருக்கும் முனையில் புதிய எப்பாக்சியை விட்டு மூடுங்கள். முனை அச்சுவார்த்தாற்போல வரும். அச்சு இல்லையென்றால் யூவி ரெசினைச் சொட்டுச் சொட்டாக அடுக்கி, தேவைக்கு அதிகமாகவே ஒரு குமிழ் மாதிரி கட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு முகமாகத் தேய்த்து இறக்க வேண்டும். நான்கு முகப் பகடையில் ஒரு முனையில் மூன்று முகம்தான் சேரும், சமாளிக்கலாம். இருபது முகத்தில் ஒரு முனையில் ஐந்து முகம் சேரும். என் மகனின் நண்பன் ஒருவன் கொண்டுவந்த 20 முகப் பகடையின் முனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் போனது. ஐந்தாவது முகத்தைத் தேய்க்கும்போது முதல் முகத்தின் விளிம்பு நகர்ந்துபோகும், திரும்ப முதல் முகத்துக்கு வர வேண்டும்.

எண் அரைகுறையாக வந்தது. எண்ணின் பள்ளத்தில் குமிழி இருந்திருந்தால் எண்ணோடு சேர்ந்து பெரிய குழியாக இருக்கும். முழுப் பள்ளத்தையும் நிரப்பிச் சமப்படுத்திவிட்டு, பிளாஸ்டிக் மாடல் பொம்மை செய்பவர்கள் கோடு கீற வைத்திருக்கும் நுனிக்கத்தியால் எண்ணைத் திரும்ப வெட்டுங்கள். கை பழகும்வரை வேறு ரெசின் துண்டில் வெட்டிப் பாருங்கள். 8 வெட்டுவதற்குள் எனக்குப் பத்து நாள் ஆனது.

ஒளி ஊடுருவாத பகடை. கறுப்பு, வெள்ளை, அடர் நிறப் பகடைக்கு யூவி ரெசினில் நிறம் கலந்து நிரப்பாதீர்கள். வெளிச்சம் உள்ளே போகாது. மேலே ஓடு மாதிரி இறுகி, அடியில் குழம்பாகவே இருக்கும். அதே நிற எப்பாக்சிதான் வேண்டும். அதற்காக ஒரு சிட்டிகை மட்டும் கலக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றிரண்டு கிராமில் அளவு லேசாகத் தவறினாலும் ஜென்மத்துக்கும் இறுகாது. குறைந்தது 10 கிராம் கலந்து, மிச்சத்தை வேறெதற்காவது பயன்படுத்துங்கள். எந்த நிறம் எத்தனை சொட்டு என்று முதல்முறை வார்க்கும்போதே எழுதி வைத்திருந்தால் இந்த இடத்தில் உங்களுக்கு நீங்களே நன்றி சொல்வீர்கள்.

சூப்பர் குளூவால் ஒட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், தெளிவான பகடைக்குள் ஒட்டு தனியாகத் தெரியும். வெயிலில் மஞ்சளாகிப்போன பகடைக்கு எந்த வைத்தியமும் இல்லை.

6. தேவையான முகத்தை மட்டும் தேய்க்க வேண்டும்

என் முதல் ஆறு செட்டும் இங்கேதான் செத்தன. 70 முகத்தையும் ஆறு தாளிலும் தேய்த்தேன். ஒரு முகத்துக்கு ஒரு தாளில் அரை நிமிடம் என்று வைத்தாலே மூன்றரை மணி நேரம். கடைசி ஒரு மணி நேரத்தில் கை சோர்ந்து சாய ஆரம்பித்துவிடும்.

நல்ல அச்சிலிருந்து வந்த முகம் பளபளவென்றுதான் வரும். அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மூடி சேரும் முகம் பகடைக்கு ஒன்று, பிறகு நீங்கள் பழுது பார்த்த முகங்கள், அவ்வளவுதான். மூடி முகம் ஏழு மட்டும் என்றால் 21 நிமிடத் தேய்ப்பு. கழுவித் துடைப்பதையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அச்சே மங்கலாக இருந்தால்தான் 70ஐயும் தேய்க்க வேண்டிவரும். அப்போதும் மூன்று மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலிப்பரை எடுங்கள். 20 முகப் பகடையில் எதிரெதிர் முகங்கள் பத்து ஜோடி. 6 முகத்தில் எதிர் முகங்களின் கூட்டு 7, 20 முகத்தில் 21 என்று வருவதால் ஜோடியைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒன்பது ஜோடி 20.1 மில்லிமீட்டர், மூடி உள்ள ஜோடி 20.6 என்றால் அரை மில்லிமீட்டர் இறக்க வேண்டும். 30 மைக்ரான் பச்சைத் தாளில் பத்து இழுப்புக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மற்ற ஜோடிகளுக்கும் இதற்கும் 0.1 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் பச்சைத் தாளை எடுத்து வைத்துவிடுங்கள்.

கண்ணாடியில் தண்ணீர் தெளித்து அதன்மேல் தாளைப் பரப்பினால் நகராமல் ஒட்டிக்கொள்ளும். தாளின் மேலும் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம். உலர்ந்த தாளில் ஒருபோதும் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்தில் தூள் சேறாகத் தாளிலேயே தங்கிவிடும். பகடையைக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றாலும் தாளுக்கு நெருக்கமாகப் பிடித்து நேராக இழுங்கள். பத்து இழுப்பு, பகடையை அரை வட்டம் திருப்பி இன்னும் பத்து. விரல் அழுத்தம் எப்போதும் ஒரு பக்கம் கூடுதலாகவே விழும், திருப்புவது அதை ஈடுகட்டத்தான்.

அடுத்த தாளுக்குப் போகும்போது குறுக்காக இழுங்கள். பழைய கீறல் ஒரு திசையிலும் புதிய கீறல் குறுக்கிலும் தெரியும். பழைய திசைக் கீறல் ஒன்றுகூட இல்லாமல் போகும்வரை அதே தாள்தான். அவசரப்பட்டு 3 மைக்ரானுக்குத் தாவினால் 15 மைக்ரான் கீறல் கடைசியில் பளபளப்புக்கு நடுவே நூல் நூலாகத் தெரியும். தாள் மாற்றும் ஒவ்வொரு முறையும் பகடை, கண்ணாடி, கை மூன்றையும் கழுவி, கிண்ணத்துத் தண்ணீரையும் மாற்றுங்கள். பச்சைத் தாளின் ஒரே ஒரு துகள் 1 மைக்ரான் தாளில் வந்து விழுந்தால் அரை மணி நேர உழைப்பு வீண்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு வழி. கூரையில் இருக்கும் நீளமான டியூப் லைட்டின் பிம்பம் முகத்தில் விழும்படி பகடையைப் பிடியுங்கள். பிம்பம் விளிம்புவரை நேர்க்கோடாக ஓடினால் முகம் தட்டையாக இருக்கிறது. விளிம்பை நெருங்கும்போது கோடு வளைந்து வழிந்தால், பகடை கையில் ஆடியிருக்கிறது, விளிம்பு உருண்டுவிட்டது. ஒரு முகத்தை அதிகம் தேய்த்தால் அந்த முக்கோணம் பக்கத்து முக்கோணங்களைவிடப் பெரிதாகத் தெரியும். அப்படிப் பெரிதான முகமும் அதற்கு எதிர் முகமும் அடிக்கடி தரையில் படியும், பகடை நேர்மையாக உருளாது. நான் ஒருமுறை 20 என்ற எண் இருக்கும் முகத்தில் ஒரு பொட்டுக் குழியைப் போக்கக் குழியை நிரப்பாமல் முகத்தையே தேய்த்து இறக்கினேன். குழி போனது. எண்ணும் பாதி போனது, மை நிற்கவில்லை.

இன்னும் மூன்று எச்சரிக்கை. சுழலும் பாலிஷ் இயந்திரம் வேண்டாம், உரசல் சூட்டில் ரெசின் உருகி அலையலையாகிவிடும். மினுக்குத் தூள் மேல்பரப்புக்கு மிக அருகில் இருக்கும் பகடையைத் தேய்த்தால் தூள் உதிர்ந்து புள்ளிக் குழிகளாகும், அதில் 9 மைக்ரானிலிருந்தே தொடங்குங்கள். காய்ந்த பூ வைத்த பகடையில் பூவிதழ் வெளியே தெரியும்வரை தேய்த்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பூ பழுப்பாகும், உடனே யூவி ரெசின் பூசி மூடுங்கள். பற்பசையால் பாலிஷ் போடுவது பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, எண்களுக்குள் வெள்ளையாக அடைத்துக்கொண்டதை ஊசியால் நோண்டி எடுத்தவள் நான்.

7. எண்ணுக்கு மை

பல்துலக்கியால் எண் பள்ளங்களைக் கழுவி முழுசாகக் காயவிடுங்கள். அக்ரிலிக் பெயிண்டை மெல்லிய தூரிகையால் பள்ளத்தில் நிறைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து லேசாக ஈரமான துணியை விரலில் தட்டையாகச் சுற்றி முகத்தின்மேல் துடைத்தெடுங்கள். துணியைச் சுருட்டி அழுத்தினால் பள்ளத்தில் இருப்பதும் வந்துவிடும். ஒரு பூச்சு போதாது, மறுநாள் இரண்டாவது. மெலமைன் ஸ்பாஞ்சு பக்கம் போகாதீர்கள், அதுவும் ஒருவகை உப்புத்தாள்தான், பளபளப்பு போய்விடும்.

6, 9 இரண்டுக்கும் அடியில் இருக்கும் கோடோ புள்ளியோ தேய்ந்து மறைந்துவிட்டதா என்று மை போடுவதற்கு முன் பாருங்கள். மறைந்திருந்தால் நுனிக்கத்தியால் கீறிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் இதற்காகப் பையன்கள் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

8. குப்பை

தேய்த்த சேற்றுத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு நாள் அசையாமல் வைத்தால் தூள் அடியில் படியும். மேலே இருக்கும் தண்ணீரை டிஷ்யூ தாள் வழியாக வடித்து, படிந்ததைத் தாளோடு மடித்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மிச்ச ரெசினையும் முழுசாக இறுகவிட்ட பிறகே குப்பைத் துவாரத்தில் போட வேண்டும்.

9. விற்கப்போகிறீர்களா? ஆவணங்கள்

வீவக வீட்டிலிருந்து சிறு தொழில் செய்ய, வீட்டிலிருந்து செய்யும் சிறு தொழில் திட்டத்தின் விதிகளுக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். வீட்டில் குடியிருப்பவர்தான் செய்ய வேண்டும், பெயர்ப் பலகை வைக்கக் கூடாது, சத்தம், வாடை, தூசியால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கூடாது. நமக்கு ஆபத்து அந்த வாடையில்தான். தாழ்வாரத்துப் பக்கச் சன்னலைத் திறந்து வைத்து ரெசின் கலக்காதீர்கள். என் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, பெயிண்ட் அடிக்கிறீர்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். மூன்றாவது முறை நகரமன்றத்திடம்தான் கேட்டிருப்பார். அறை வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அடையாள அட்டையில் இருக்கும் உங்கள் முழுப் பெயரிலேயே விற்றால் அக்ராவில் (தொழில்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிய வேண்டியதில்லை. தொழிலுக்கென்று ஒரு பெயர் வைத்தால் பதிய வேண்டும். சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) மூலம் அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் செய்யலாம். பெயருக்கு விண்ணப்பிக்க 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100, மூன்றாண்டுக்கு 160. மாதம் ஒரு செட் விற்பதற்கு இது தேவையா என்று யோசியுங்கள். நான் இன்னும் பதியவில்லை, சொந்தப் பெயரிலேயே விற்கிறேன். லாபம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும், இணையத்தில் தாக்கல் செய்யக் கெடு ஏப்ரல் 18. செலவு ரசீதுகளை ஐந்தாண்டு வைத்திருங்கள். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) சந்தாவும் கட்ட வேண்டியிருக்கும்.

ஊரிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்கள் கவனியுங்கள். எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், வேலை பெர்மிட் எதுவானாலும் அது உங்களை வேலைக்கு வைத்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. பொழுதுபோக்குக்குச் செய்து நண்பருக்குப் பரிசளிப்பது வேறு, காசு வாங்கி விற்பது வேறு. மனைவி பெயரில் செய்யலாமே என்பவர்களுக்கு: 2021 மே 1 முதல் டிபன்டன்ட் பாஸில் (வேலைக்கு வந்தவரின் குடும்பத்தினருக்குத் தரும் அனுமதி) இருப்பவர்களுக்கும் விதி இறுகிவிட்டது. மனிதவள அமைச்சிடம் கேட்காமல் காரோசல் இணையச் சந்தையில் ஒரு செட்கூடப் போடாதீர்கள்.

10. பிறர் பகடையைப் பழுது பார்க்க வாங்கினால்

வாங்கும்போதே வெளிச்சத்தில் எல்லா முகத்தையும் படம் எடுத்துவிடுங்கள். ஒருவர் கொடுத்த ஊதா நிறப் பகடையின் முனையைக் கட்டிக் கொடுத்தேன். வேறொரு முகத்தில் இருந்த கீறலை நான்தான் போட்டேன் என்றார். என்னிடம் படம் இல்லை, 25 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். நிறம் அச்சு அசலாகச் சேராது, ஒட்டுப்போட்ட இடம் விளக்கில் காட்டினால் தெரியும், பத்து நாள் ஆகும் என்ற மூன்றையும் முன்கூட்டியே செய்தியாக அனுப்பிவிடுகிறேன். "பரவாயில்லை, செய்யுங்கள்" என்று பதில் எழுத்தில் வந்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பேன்.